பட்டம் பணயப் பொருளா?

தபால் மூலம் உயர்தரக் கல்வி அளிக்கும் முறையை டில்லி சர்வகலாசாலை 1962-ம் வருஷத்தில் தொடங்கிற்று. 1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைச் சர்வகலாசாலை பார்லிமெண்டுச் சட்டத்தினால் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் 2002-ல் தனியே ஒன்று நிறுவப்பட்டது. பகலெல்லாம் கடையிலும் காரியாலயத்திலும் உழைத்து, இரவில் புத்தகத்தை விரிப்பவனுக்கும் சரஸ்வதி கடாக்ஷம் கிட்டவேண்டுமென்பதே இம்முறையின் உயரிய நோக்கம். ஆயின், பாடம் முடித்துப் பரீக்ஷையும் தேறிய பின்னர்ப் பட்டப் பத்திரம் கைக்கு வராமையால், அம்மாணாக்கர் ஹைகோர்ட்டுகளின் படியேற நேரிடுவதை நாம் காண்கிறோம். இது கல்விக்கே இழுக்கு என்று கூறத் தயங்கோம்.

பத்திரத்தை நிறுத்தி வைப்போர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: கட்டணப் பாக்கி, காரியாலயத் தாமதம், அங்கீகாரக் குறைவு. ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது பாக்கி. பாக்கிக்காகப் பிறர் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையை 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு, பாங்கிக்காரர், தரகு வியாபாரிகள், துறைமுகக் கிடங்குக்காரர், ஹைகோர்ட்டு அட்டர்னிகள், இன்ஷூரன்ஸ் தரகர் ஆகியோருக்கே அளிக்கிறது. இந்த ஜாபிதாவில் சர்வகலாசாலைக்கு இடமில்லை. அப்பிரிவு பேசுவதும் ஒப்படைக்கப்பட்ட சரக்கைக் குறித்தே. பட்டப் பத்திரம் சந்தையில் விலைபோகும் சரக்கா? மத்தியப் பிரதேசத்தில் வக்கீல் ஒருவர் தமது பீஸு பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். வழக்குக் கட்டுகள் சரக்கல்லவென்றும், அவற்றைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லையென்றும் 2000-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வக்கீலுக்கு இல்லாத உரிமை கல்வி ஸ்தாபனத்துக்கு எங்ஙனம் வந்தது? பாக்கி உண்மையானால் வசூலிக்கச் சிவில் கோர்ட்டு இருக்கிறது.

மாணாக்கன் பாடமையத்தில் கட்டிய பணம் சர்வகலாசாலைக்கு வந்து சேராததும் உண்டு. "அவ்விடைத்தரகரை யாம் அறியோம்" என்று பின்னர்க் கூறுவது செல்லாது. ஏஜெண்டுக்கு அதிகாரம் உண்டென்று பிறர் நம்பும்படி நடந்துகொண்ட எஜமானன் அவன் செயலுக்குக் கட்டுப்பட்டவன் என்பது அதே சட்டத்தின் 237-வது பிரிவு.

இரண்டாவது தாமதம். மாணாக்கர் பட்டத்துக்குத் தகுதி பெறவேண்டிய தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டுமெனச் சர்வகலாசாலை மானியக் கமிஷன் 2008-ம் வருஷத்தில் விதி செய்தது. இந்த விதியைப் பொருட்படுத்தாத காரியாலயத்தினால் ஒருவன் உத்தியோகத்தையோ உயர்வையோ இழப்பானாயின், அந்நஷ்டத்தை யார் ஈடுசெய்வது?

மூன்றாவதே கடினமானது. சர்வகலாசாலை அந்தஸ்து பெற்ற நான்கு ஸ்தாபனங்கள், தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் அனுமதியின்றித் தபால் வழியே எஞ்சினீயர் பட்டங்களை வழங்கின. இவற்றில் ஒன்று நமது சேலத்தைச் சேர்ந்தது. 2017 நவம்பர் 3-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவ்வழக்கில் தீர்ப்புக் கூறிற்று. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர் பட்டங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, மறு பரீக்ஷையில் தேறினால் மீண்டும் செல்லுபடியாகும் என விதிக்கப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோர் பட்டங்கள் ரத்தாயின. அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும், பின்தேதியிட்டு அனுமதியளித்த அதிகாரிகளின் செயலை விசாரிக்கவும் உத்தரவாயிற்று.

இத்தீர்ப்பை நாம் குறைகூறவில்லை. தொழிற்சாலையும் பாலமும் அமைக்கப் போகிறவன் சோதனைச்சாலையைக் காணாமல் பட்டம் பெறுவது ஜனங்களின் உயிருக்கே ஆபத்து. இரக்கத்தினால் சட்டவிரோதம் சட்டமாகிவிடாது. ஆனால் பணம் திரும்பினாலும் வயது திரும்புமா? விளம்பரத்தை நம்பிச் சேர்ந்தவன் ஆயுளில் சில வருஷங்களை இழந்தான். அவனை அழைத்தவர்களோ பெற்ற தொகையைத் திருப்பியதோடு தப்பினார்கள். மூல தோஷம் இங்கேதான் இருக்கிறது.

பரிகாரம் தேடும் வழியும் குறுகியது. சர்வகலாசாலை நுகர்வோருக்குச் சேவை செய்யும் ஸ்தாபனமன்று என 2010-ல் ரோட்டக் சர்வகலாசாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது முதல், ஜில்லா நுகர்வோர் மன்றத்தின் கதவு பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எஞ்சியது அரசியல் சட்டத்தின் 226-வது ஷரத்தின்படி ஹைகோர்ட்டில் ரிட் மனு. வீட்டிலிருந்தே படிக்கலாமென்று அழைக்கப்பட்டவன், பத்திரம் பெற மாத்திரம் தலைநகருக்கு அலையவேண்டுமாம்!

ஆகையால் நாம் கோருவன இவை. பாக்கிக்காகப் பட்டத்தை நிறுத்துவது குற்றமெனச் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட வேண்டும். 180 நாள் கெடு தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் ஸ்தாபனம் மாணாக்கனுக்கு நஷ்டஈடு தரவேண்டும். அங்கீகாரமின்றிச் சேர்த்தால் கட்டணத்துடன், கழிந்த காலத்துக்கும் ஈடு தரவேண்டும். இவ்வழக்குகளைக் கேட்க ஜில்லாதோறும் அதிகாரமுள்ள மன்றம் வேண்டும்.

சட்டம் வரும்வரை நேயர்கள் வாளாவிருத்தல் தகாது. பொதுஜன ஊழியத்தில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊரில், சேரவிருக்கும் வாலிபருக்கு அங்கீகார வருஷத்தைப் பார்க்கக் கற்பிக்கலாம். பணம் கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் செய்யலாம். மனு எழுத உதவலாம். உழைத்துப் பெற்ற வித்தை அவனுடையது. அதன் சாட்சியமாகிய காகிதமும் அவனுடையதே. அதைப் பூட்டி வைக்க எந்தக் கலாசாலைக்கும் அதிகாரமில்லை.