ஏட்டில் ஏறாத மலைத்தமிழ்

சேலம் நகரை ஒட்டி எழும் சேர்வராயன் மலையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காடு, காப்பித் தோட்டங்களாலும் கோடை விழாவாலும் அறியப்பட்ட அளவுக்கு அதைச் சூழ்ந்த சிற்றூர்களின் மொழியால் அறியப்பட்டதில்லை. அச்சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், பெயர் ஒற்றுமையால் கேரளத்தவர் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அவர்கள் பேசுவது தமிழே. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினருள் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவோரும் அவர்களே. சங்க நூல் முதல் இக்கால நாவல் வரை தமிழ் எழுத்து பெருமளவில் கணினிக்குள் ஏறிவிட்ட இந்நாளில், அம்மலைமக்களின் கதையும் பாட்டும் பேச்சும் அத்தொகுப்புகளில் எவ்விடம் பெறுகின்றன என்பது, தமிழ் மின்பதிப்புப் பணியின் நிறைகுறைகளை எடைபோடுவதற்கு உரிய கேள்வியாகும்.

தட்டச்சும் பதிப்பும்

தமிழில் இப்பணி தன்னார்வலர்களால் வளர்ந்தது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, 1998 பொங்கல் நாளில் தோன்றிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் வீட்டில் அமர்ந்து தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் அளித்த நூல்களை யாவர்க்கும் இலவசமாக வழங்கியது. அது இல்லையெனில் இன்றைய தமிழ் ஆய்வு மாணவர் பலருக்கு மூலநூல் கைக்கு எட்டியிராது. எனினும், அச்சிட்ட ஒரு பதிப்பை அப்படியே தட்டச்சு செய்து தருவது மின்னூல் ஆகுமேயன்றி ஆய்வுப் பதிப்பு ஆகாது. ஒரு நூலுக்குக் கிடைக்கும் சுவடிகளையெல்லாம் ஒப்புநோக்கி, அவற்றுள் காணும் பாடபேதங்களையும், பதிப்பாசிரியர் ஒரு பாடத்தைத் தேர்ந்ததற்கான காரணத்தையும் படிப்பவர் சரிபார்க்கும்படி காட்டுவதே மின் ஆய்வுப் பதிப்பு. பல நூல்களையும் பேச்சுப் பதிவுகளையும் ஓர் ஒழுங்கில் சேர்த்து, ஒவ்வொன்றின் காலம், இடம், வகை ஆகியவற்றைக் குறித்து, சொற்களைத் தேடவும் எண்ணவும் இடந்தருவது தரவகம்.

சேர்வராயன் மலைக்குத் தெற்கே நாமக்கல் மாவட்டத்தில் நிற்கும் கொல்லிமலையின் பெயரையே இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பழைய ஓலைச் சுவடிகளில் எழுதுவோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் நிற்கும். ஆகவே ‘கொல்லி’ என்னும் சொல் ஓலையில் ‘கொலலி’ என்றே தோன்றும். அதன் முதலெழுத்தைக் கொ என்றோ கோ என்றோ கெர என்றோ படிக்க இடமுண்டு. இடமும் பொருளும் யாப்பும் அறிந்து அதைக் ‘கொல்லி’ எனத் தெளிவது பதிப்பாசிரியரின் முடிவு. அம்முடிவு அச்சில் வந்ததும் சுவடியின் இயல்பு மறைந்துவிடுகிறது. மின்பதிப்பிலோ ஓலைப் படிமம், எழுத்துப்பெயர்ப்பு, தெளிந்த பாடம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைக்க இயலும். 1987-இல் தொடங்கி உலகெங்கும் பின்பற்றப்படும் டிஇஐ என்னும் குறியீட்டு நெறி, எது ஏற்ற பாடம், எது வேறுபாடு, எச்சுவடியில் உள்ளது என்பவற்றைக் கணினி பிரித்தறியும்படி உரைக்குள்ளேயே குறித்துவைக்கும் முறையாகும்.

தரவகத்தில் இதே சொல்லைத் தேடினால் வேறொரு சிக்கல் எழும். சங்கப் பாடல்களில் மலையாக வரும் கொல்லி, தேவாரத் தலைப்புகளில் பண்ணின் பெயராக நிற்கும். இன்றைய வேளாண் இதழ்களில் பூச்சிக்கொல்லியின் பின்பாதியாக வரும். கொல்லிப்பாவை எனப் புணர்ந்தும், கொல்லியின் என வேற்றுமை ஏற்றும் அது உருமாறும். சொல்லைப் பிரித்து இலக்கணக் குறிப்பு சேர்க்காத தொகுப்பு, எத்தனை பெரிதாயினும், இவற்றை ஒன்றாகவே எண்ணிக் காட்டும். வ. அய். சுப்பிரமணியம் 1962-இல் வெளியிட்ட புறநானூற்றுச் சொல்லடைவு போன்றவை, கணினியின் துணையின்றியே இத்தகைய பகுப்பின் தேவையை உணர்ந்து செய்யப்பட்டவை.

பதிப்பைப் பொறுத்தவரை, புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியின் சங்க இலக்கியத் திட்டத்தில் ஈவா வில்டன் பதிப்பித்த நற்றிணையும் (2008) குறுந்தொகையும் (2010), கிடைத்த சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களை நிரல்படத் தந்து, உ. வே. சாமிநாதையர் வகுத்த வழியை மேலும் நீட்டின.

வாய்மொழிக்கும் பாடபேதம் உண்டு

இக்கருவிகள் யாவும் எழுத்தில் நிலைத்தவற்றை முன்வைத்தே வளர்ந்தவை. சேர்வராயன் மலையில் வழங்கும் குடியேற்றக் கதையோ வாயிலும் காதிலும் வாழ்வது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த உடன்பிறந்தார் மூவரின் வழியினர் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்பது அதன் சுருக்கம். 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதி இதை ஆங்கிலத்தில் பதிவு செய்திருக்கிறது. சொன்னவர் யார், எந்த ஊரார், எச்சொற்களால் சொன்னார் என்பவை அத்தகைய பதிவில் உதிர்ந்துபோகின்றன. மலைக்கு மலை, ஊருக்கு ஊர், சொல்பவருக்குச் சொல்பவர் மாறும் இக்கதையில் எது மூலம் என்று தேடுவது வீண். ஒவ்வொரு வடிவமும் தனக்குரிய சான்றோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்பதே முறை. சுவடிக்கென உருவான பாடபேத முறை இங்கும் அவ்வாறே பொருந்தும்: ஏட்டின் இடத்தில் ஒலிப்பதிவும், ஏடு கிடைத்த இடத்துக்குப் பதில் சொன்னவர் ஊரும் அமையும்.

அவ்வாறு செய்யும்போது, பேச்சில் வரும் சொல்லை எழுத்துத்தமிழாகத் திருத்தி எழுதும் பழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஒலித்தவாறே ஒரு வரி, அதற்குக் கீழே பொதுத்தமிழில் ஒரு வரி, இரண்டோடும் இணைந்த ஒலிக்கோப்பு என மூன்றும் சேர்ந்தாலன்றி அப்பதிவு மொழியியலுக்குப் பயன்படாது. சேர்வராயன் கோயிலில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் விழாவின் வழிபாட்டு மொழி போன்றவற்றை வெளியார் கேட்கலாமா என்பதை ஊர்ப் பெரியவர்களே முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இசைவு பதிவின் பகுதியாகவே இருத்தல் வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நல்ல ஒலிப்பதிவுக் கருவியும், பயிற்சி பெற்ற மலையூர் இளைஞர்களும், பதிவுகளை நெடுநாள் காக்கப் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனமும் இருந்தால் போதும். மலையடிவாரத்திலேயே, சேலத்தில், 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இயங்கிவருகிறது. நூல்களை மின்வடிவில் சேர்க்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம் சென்னையில் உள்ளது. இவ்விரண்டும் கைகோத்து, கதை சொல்லத் தெரிந்த மூத்தோர் இருக்கும்போதே இப்பணியைத் தொடங்க வேண்டும்.