பெயர் பழையது, பில் புதிதாக இருக்கட்டும்

ஹைதராபாத்தின் சைனிக்புரியில் இருப்பவர் பழைய சுவிஸ் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்க இன்று வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. கைபேசியைத் திறந்தால் ஒமேகா, லான்ஜின்ஸ், ஃபேவர்-லூபா என்று வரிசையாக வந்து நிற்கின்றன. கூடவே பாரம்பரியக் கதையும் வருகிறது: ஒமேகா தொடங்கியது 1848-இல், லான்ஜின்ஸ் 1832-இல், நம் தாத்தாக்கள் ஆசைப்பட்டு வாங்கிய ஃபேவர்-லூபாவின் வேர் 1737-இல். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் வயது, நம் கைக்கு வரும் அந்த ஒரு கடிகாரத்துக்குச் சாட்சி சொல்லாது. விற்பவர் எழுதிக் கொடுக்கும் விவரமும் பில்லும்தான் சாட்சி சொல்லும்.

பாரம்பரியத்தின் சொந்தக்காரரே ஏமாந்த கதை உண்டு. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம், 1957-ஆம் ஆண்டு மாடலான ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை 30 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விற்றது. அதை வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்து உருவாக்கியது அது என்றும், தன் முன்னாள் ஊழியர்களுக்கு இதில் தொடர்பு உண்டு என்றும் 2023-இல் அந்நிறுவனமே அறிவித்தது. நம் ஊர்ச் சந்தையில் இதைவிட எளிய வழிகள் போதும். மங்கிய டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்துப் பெயரை அச்சிடுகிறார்கள். ஒரு கடிகாரத்தின் கேஸுக்குள் இன்னொன்றின் மூவ்மெண்ட்டை, அதாவது உள்ளியந்திரத்தை, பொருத்துகிறார்கள். ‘சுவிஸ் மேட்’ என்று எழுத 2017 முதல் உற்பத்திச் செலவில் குறைந்தது 60 விழுக்காடு சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மறுபூச்சு டயலில் அந்தச் சொற்களுக்கு எந்த மதிப்பும் இல்லை.

சட்டம் வாங்குபவர் பக்கம் நிற்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும், விற்பவருக்கு அதை விற்கும் உரிமையும் இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். அசல் கடிகாரத்தை மறுவிற்பனை செய்வது குற்றமல்ல. போலி முத்திரையிட்டதை விற்றால் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடைக்காரரோ இணைய வியாபாரியோ ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். மும்பைக் கடையில் வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இந்த நுகர்வோர் பாதுகாப்புக்கு இரண்டு விலக்குகள் உண்டு. தன் சொந்தக் கடிகாரத்தை ஒரு முறை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல. அவர்மீது சிவில் நீதிமன்றத்துக்கோ, மோசடி என்றால் காவல்துறைக்கோதான் போக வேண்டும். லாபத்துக்கு மறுபடி விற்பதற்கென்றே வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. இணையத்தில் பணம் அனுப்பியபின் விற்றவர் மறைந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி எண்ணை அழைக்க வேண்டும்.

‘ஐம்பது வருஷத்துக் கடிகாரத்துக்கு ஏது பேப்பர்?’ என்று கேட்பார்கள். அன்றைய பில் தொலைந்திருக்கலாம்; இன்றைய விற்பனைக்கு இன்றே பில் எழுதலாமே. ‘பில் போட்டால் ஜிஎஸ்டி ஏறும்’ என்பது அடுத்த வாதம். பழைய பொருளை வாங்கி விற்கும் வியாபாரி, உள்ளீட்டு வரிச் சலுகை எடுக்காதபோது, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட விதி இடம் தருகிறது. ‘பின்மூடியைத் திறந்தால் கெட்டுவிடும்’ என்பதும் சரியல்ல. தேர்ந்த கடிகார மெக்கானிக் சரியான கருவியால் திறந்தால் ஒன்றும் ஆகாது. திறக்காமல் மூவ்மெண்ட் அசலா என்று சொல்லவும் முடியாது.

எனவே மாடல் எண், சீரியல் எண், டயல் அசலா மறுபூச்சா, மாற்றிய பாகங்கள் எவை, போலி என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, இந்த ஐந்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.