தொப்பி வியாபாரி தொடங்கிய வாரப் பத்திரிகை

மார்க்கெட் நிலவரம் தெரியாமல் கடை திறப்பவர் நம்மில் குறைவு. முன்பு தபால் கார்டில் வந்த நிலவரம் இன்று செல்போனில் வருகிறது. ஆனால் விலை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று விசாரிப்பவர் எத்தனை பேர்? அந்தக் காரணத்தை எடுத்துச் சொல்வதற்காகவே 1843-ல் லண்டனில் ஒரு வியாபாரி வாரப் பத்திரிகை தொடங்கினார். அதுதான் 'எகானமிஸ்ட்'.

அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் ஹாயிக் என்ற ஊரில் 1805-ல் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. 16 வயதில் தொப்பி தயாரிப்பில் தொழில் கற்றுக்கொண்டு, பின்பு லண்டனில் வியாபாரம் நடத்தினார். 1837-ஐ ஒட்டி, விலை ஏறும் என்று நம்பி அவுரிச் சாயத்தில் பணத்தைப் போட்டார். விலை சரிந்தது, சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 'ஏறும்' என்ற பேச்சை நம்பி மல்லி வாங்கி அடைத்து, கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அந்த வலி எனக்குப் புரிகிறது.

அப்போது இங்கிலாந்தில் தானியச் சட்டம் இருந்தது. 1815-ல் வந்த சட்டப்படி, உள்நாட்டில் ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது சுமார் 218 கிலோ, 80 ஷில்லிங்கைத் தொட்டால்தான் வெளிநாட்டுக் கோதுமையை விற்கலாம். 1828-ல் இது மாறி, உள்நாட்டு விலை ஏற ஏற இறக்குமதி வரி குறையும் முறை வந்தது. விளைவு என்ன? வரி குறையட்டும் என்று சரக்கைக் கிடங்கிலேயே வைத்திருந்தார்கள். குறைந்ததும் மொத்தமாக வெளியே விட்டார்கள். விலை தலைகீழாக விழுந்தது. இந்தச் சட்டத்தால் விவசாயிக்கும் நன்மையில்லை என்று வில்சன் 1839-ல் சிறு நூல் எழுதினார். பத்திரிகையிலும் தொடர்ந்து வாதாடினார். பலருடைய போராட்டத்தால் 1846-ல் சட்டம் நீக்கப்பட்டது.

வெறும் வாதம் மட்டும் எழுதியிருந்தால் பத்திரிகை அத்தோடு நின்றிருக்கும். சரக்கு விலை, வங்கி, ரயில்வே விவரங்களையும் வாராவாரம் தந்ததால் வியாபாரிகள் விடாமல் வாங்கினார்கள். வில்சனின் மருமகன் வால்டர் பேஜட் 1861 முதல் 1877 வரை ஆசிரியராக இருந்தார். 1864-ல் சரக்கு விலைக் குறியீட்டெண் தொடங்கியது. கட்டுரையில் எழுதியவர் பெயர் போடாத வழக்கம் இன்றும் அங்கு உண்டு.

நமக்கும் வில்சனுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1857 கலகத்துக்குப் பின் காலியான கஜானாவைச் சரிசெய்ய 1859-ல் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1860-ல் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தவர் அவரே! ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்கு மேல் 2 சதவீதம், 500-க்கு மேல் 4 சதவீதம். அவருடைய வரித் திட்டத்தை எதிர்த்த சென்னை கவர்னர் டிரெவிலியன், தம் மறுப்பைப் பத்திரிகையில் வெளியிட்டுப் பதவி இழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் வில்சன் வயிற்றுக்கடுப்பால் கல்கத்தாவில் காலமானார்.

வரி போட்டவர் என்று நாம் அவரைத் திட்டலாம். ஆனால் நஷ்டப்பட்ட பின் காரணம் தேடிய அவர் குணம் நமக்கு வேண்டும். நம் இதழிலும் விலைப் பட்டியலோடு நிற்க வேண்டாம். தாக்கல் குறைவா, மழையா, வரி மாற்றமா என்று ஒவ்வொரு ஊர் உறுப்பினரும் மாதம் நாலு வரி எழுதி அனுப்புங்கள். வதந்தியை நம்பி முதலை இழப்பவர் ஒருவராவது குறைவார்.