பத்திலேயே நின்றுபோன குமிழ்

போன மாதம் ஒரு மாணவன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "மாஸ்டர், இந்தக் கடைசி நாபைத் திருகினா கரகரன்னு வருது. வயரை வெட்டி விட்டுடலாமா? எப்படியும் நான் அதைத் தொடுறதே இல்ல" என்றான்.

கடைசி நாப் என்று அவன் சொன்னது டோன் குமிழை. அது பத்தில் நின்றது. வாங்கிய நாள் முதல் அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும். குமிழுக்கு அடியில் வளையம் போட்டதுபோலத் தூசி. தொடாததால்தான் கரகரக்கிறது என்று சொன்னால் நம்பவில்லை. திட்ட வாய் வரவில்லை எனக்கு. மேடை ஏறிய முதல் ஒன்பது வருடம் நானும் அந்தக் குமிழைத் தொட்டதில்லை.

திருச்சியைச் சுற்றிக் கல்யாணம், கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று லைட் மியூசிக் வாசித்துப் பிழைத்தவன் நான். அப்போது என் கணக்கு எளிமையானது: வால்யூம் பத்து, டோன் பத்து. காசு கொடுத்து வாங்கிய சத்தத்தை ஏன் குறைக்க வேண்டும்? ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கணக்கு உடைந்தது. மேலே தகரக் கூரை, பக்கச் சுவரெல்லாம் மொசைக். நான் இழுக்கும் ஒவ்வொரு தந்தியும் முன்வரிசைப் பெரியவர்களின் காதில் ஊசியாக இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இரண்டு பாட்டுக்கு நடுவில் கீபோர்டு அண்ணன் எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் என் கிட்டாரில் கை வைத்து அந்தக் குமிழை ஆறுக்குத் திருப்பினார். "தம்பி, பாடுற பொண்ணோட குரல் இருக்கிற இடத்துல நீ போய் உக்காந்திருக்க. கொஞ்சம் நகந்துக்க" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவன் கிட்டாரில் இன்னொருவன் கை வைப்பதா? ஆனால் அடுத்த பாட்டில் பாடுகிற பெண் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். என் கிட்டார் சன்னமாகிவிடவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

மாணவனின் கிட்டாருக்கு வருகிறேன். மேசையில் துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டு, பின் தட்டைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது கம்பியில் துளியூண்டு மின்சாரம் பிறக்கும். அது வால்யூம் குமிழ் வழியாக ஜாக்குக்கும், அங்கிருந்து ஆம்புக்கும் போகிறது. போகிற வழியில் ஒரு கிளைவாய்க்கால் வெட்டியதுபோல் நிற்பதுதான் டோன் குமிழ். மூன்று காலுள்ள ஒரு பாட், அதாவது திருகினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர். அதன் காலிலிருந்து பாட்டின் தகர முதுகுக்கு, அதாவது எர்த்துக்கு, பற்றவைத்திருக்கும் ஒரு பச்சை நிற கெபாசிட்டர். இந்தக் கிட்டாரில் அதன் மேல் 473 என்று போட்டிருந்தது. 0.047 மைக்ரோஃபாரட் என்று அர்த்தம்.

கெபாசிட்டருக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக ஆடும் அலையைச் சுலபமாக விட்டுவிடும். மெதுவாக ஆடுவதை மறிக்கும். காவிரிக் கரைக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலில் ஒரு மடை. மடை வாயில் வலை கட்டியிருக்கிறது. மடையைத் திறந்தால் பொடி மீனெல்லாம் வலைக்கண் வழியாக வெளியேறிவிடும். பெரிய மீன் வாய்க்காலோடு போகும். வலைதான் கெபாசிட்டர். மடைப்பலகைதான் நாம் திருகும் பாட். குமிழின் எண் குறையக் குறைய மடை திறக்கிறது என்பதுதான் இதில் எல்லாரும் தடுமாறும் இடம். பத்தில் வைத்தால் மடை கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. பூஜ்யத்தில் முழுக்கத் திறந்திருக்கிறது.

பேட்டரி இல்லாத சாதாரணக் கிட்டாரில் இந்தக் குமிழால் எதையும் கூட்ட முடியாது. ஆம்பில் உள்ள ட்ரெபிள் குமிழ் வேறு சாதி, அதோடு இதைக் குழப்பக் கூடாது. சாம்பாரில் விழுந்த உப்பை எடுக்க முடியாது என்பார்கள். இங்கே எடுக்க மட்டும்தான் முடியும், போட முடியாது.

எடுப்பது எதை? கிட்டாரின் தடித்த தந்தி திறந்தபடி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மெல்லிய தந்தியை 22ஆவது ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுமார் 1,175 ஹெர்ட்ஸ்தான். ஸ்வரங்கள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இதற்கு மேலே இருப்பவை ஸ்வரத்தோடு கூடப் பிறக்கும் மேல்சுரங்கள், பிக் தந்தியைக் கீறும் 'டிக்', விரல் நகரும்போது வரும் கிறீச். பளபளப்பு என்று நாம் சொல்வதும் எரிச்சல் என்று சொல்வதும் அங்கேதான் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன. குமிழைக் குறைத்தால் ஸ்வரம் போகாது. இந்தக் குடித்தனக்காரர்கள்தான் ஒவ்வொருவராகக் காலி செய்வார்கள்.

பையனின் டோன் பாட்டின் முதுகில் B500K என்று இருந்தது. K என்றால் கிலோ ஓம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250, இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது நெடுநாள் வழக்கம், அது சரிதான். பிரச்சினை அந்த B. நேர்கோட்டு வகை என்பதன் குறி அது. பத்திலிருந்து இரண்டு வரை திருகினாலும் காதுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டுக்குக் கீழே ஒரேயடியாகச் சத்தம் மந்தமாகிவிடும். A என்று போட்ட பாட் காதின் போக்குக்கு ஏற்ப மாறுவது. எட்டில் ஒரு மாற்றம், ஆறில் ஒரு மாற்றம் என்று படிப்படியாக இறங்கும். மலிவுக் கிட்டார் வாங்கிய பலர் 'டோன் குமிழ் சும்மா அலங்காரம்' என்று முடிவு கட்டுவதற்கு இந்த ஓர் எழுத்தே காரணமாக இருக்கும். பழைய B பாட்டுக்குள் கிளீனர் அடித்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருகியதில் கரகரப்பு போய்விட்டது. கரித் தடத்தில் படிந்த தூசிதான். இருந்தாலும் கழற்றிவிட்டு A500K போட்டேன்.

கெபாசிட்டரை மாற்றவில்லை. எண்ணெயில் ஊறிய காகித கெபாசிட்டர், ஐம்பதுகளின் ரகம் என்றெல்லாம் சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். அளவு முக்கியம்: 0.022 போட்டால் அளவாக எடுக்கும், 0.047 இன்னும் ஆழமாக எடுக்கும். அளவு ஒன்றாக இருந்தால், சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பச்சை மைலாருக்கும் அதற்கும் வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்தவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

குமிழைப் பூஜ்யத்துக்கே கொண்டுபோனால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒன்று, ஒன்றரையில் சத்தம் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவது மாதிரி இருக்கும். இன்னும் குறைத்தால் இன்னும் மங்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை; பூஜ்யத்தில் அதற்கு ஒரு மூக்கு முளைக்கும். பிக்கப்பின் சுருளும் கெபாசிட்டரும் நேரடியாகச் சேர்ந்து, சில நூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு எழும்புகிறது. ஆம்பை முழுக்க ஏற்றி உறுமவிட்டு இதை வாசித்தால் பெண் குரல் முனகுவது போல, புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பாடுவது போல வரும். கிரீம் என்ற ராக் குழுவில் இருந்தபோது கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதைத்தான் 'உமன் டோன்' என்றார். 1967இல் வந்த 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' பாட்டின் தனி வாசிப்பில் கேட்கலாம். 1968இல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் அந்தக் குழு நடத்திய பிரியாவிடைக் கச்சேரியைப் படமாக்கியபோது, கிளாப்டன் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்து இதை வாசித்தே காட்டினார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கிட்டார் செய்தவர்களே இந்தக் குமிழை எங்கே வைப்பது, எதற்கு வைப்பது என்று பல காலம் ஒரு முடிவுக்கு வரவில்லை. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனி டோன். 1954இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இரண்டு டோன் குமிழ், ஆனால் மூன்று பிக்கப். தந்திகளின் கீழ்முனைக்கு அருகில் இருந்து எரிச்சல் அதிகம் கிளப்பும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு ஒன்றுமே இல்லை! என் ஸ்ட்ராட் பாணிக் கிட்டாரில் பிக்கப் மாற்றும் ஸ்விட்ச்சின் இரண்டு கால்களை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டேன். கீழ்க் குமிழ் இப்போது பிரிட்ஜையும் கவனித்துக்கொள்கிறது. டெலிகாஸ்டரிலோ 1967 வரை, ஸ்விட்ச்சை ஒரு பக்கம் தள்ளினால் கெபாசிட்டர் நிரந்தரமாகக் குறுக்கே வந்து, பேஸ் கிட்டார் மாதிரி மொத்தையான சத்தம் வரும். டோன் குமிழுக்கு அங்கே வேலையே இல்லை.

அதே டெலிகாஸ்டரில் ராய் புக்கானன் என்ற அமெரிக்கர் இன்னொன்று செய்தார். பிக்கால் தந்தியை அடித்த கையோடு சுண்டு விரலால் டோன் குமிழைச் சுழற்றுவார். 'வா' என்று வாய் திறந்து மூடுவது போலச் சத்தம் வரும். காலில் மிதிக்கும் வா-வா பெடல் செய்யும் வேலையை விரலே செய்துவிடும். பழகிப் பார்த்தேன். அவருக்குக் குமிழ் இருந்த இடத்துக்கு என் சுண்டு விரல் எட்டவில்லை.

மேடையில் நான் செய்வது அவ்வளவு பெரிய வித்தை இல்லை. மண்டபத்துக்குள் போனதும் மேலே பார்ப்பேன். தகரமா, கான்கிரீட்டா, பந்தல் துணியா? துணி என்றால் எட்டு, தகரம் என்றால் ஆறு. பாட்டு ஓடும்போது மோதிர விரலால் அரை எண் கூட்டுவேன், குறைப்பேன். மெல்லிசையில் பல்லவிக்குப் பின்னால் தாள நடை வாசிக்கையில் ஐந்து. இடையிசையில் கிட்டார் முன்னால் வரும்போது எட்டு. குறித்துக்கொள்ள குமிழில் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். மேடை இருட்டிலும் கண்ணில் படும்.

கஷ்டம் 'இளைய நிலா'வில்தான். 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக 1982இல் வந்த பாட்டு. இன்றைக்கும் கச்சேரிக்குக் கச்சேரி கேட்பார்கள். அந்தக் கிட்டார் மரப்பெட்டியின் ஒலி. என்னிடம் இருப்பதோ கட்டை மாதிரியான எலக்ட்ரிக். அதை ஓரளவாவது ஏமாற்ற வேண்டுமென்றால் குமிழ் பத்துக்குப் போயே ஆக வேண்டும். அந்தப் பளபளப்பு முழுதும் வேண்டும். மாணவனிடம் இதைச் சொல்லி வாசிக்க வைத்தேன். பத்தில் ஒரு தடவை, ஐந்தில் ஒரு தடவை. ஐந்தில் வாசிக்கும்போதே முகத்தைச் சுளித்தான். குமிழைத் தானாகவே மேலே ஏற்றினான். அதுவரை அதைத் தொடாதவன்.

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். 'இளைய நிலா' முடிந்ததும் கைதட்டல் வந்தது. அந்த மகிழ்ச்சியில் குமிழை இறக்க மறந்துவிட்டு அடுத்த குத்துப்பாட்டின் முதல் கார்டைப் பலமாக அடித்தேன். கீபோர்டு பக்கத்திலிருந்து ஒரு இருமல். அண்ணனுக்கு இப்போது எழுபது நெருங்குகிறது, எழுந்து வருவதில்லை. இருமுவதோடு சரி.