செட்டு தெரியுமா, செட்டு?

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது தெரியுமா? வாயில் நுழையாத சொற்களை எல்லாம் யோசிக்க வேண்டாம். மூன்றே எழுத்து: செட்! 1989இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 430 பொருள். விளக்கத்துக்கு ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவழித்திருக்கிறார்கள்! பிறகு ‘ரன்’ என்ற இன்னொரு மூன்றெழுத்து, 645 பொருளோடு இதை முந்திவிட்டதாக அகராதிக்காரர்கள் அறிவித்தார்கள். சேலம், நாமக்கல் பக்கம் அவர்கள் ஒரு நடை வந்திருந்தால் பட்டம் கைமாறியிருக்காது என்பது என் கட்சி. இங்கே செட்டு சாப்பிடலாம், செட்டில் குளிக்கலாம், செட்டுக்குள் கோழி வளர்க்கலாம், செட்டோடு சேர்ந்து விடிய விடியக் கூத்தாடலாம்!

முதலில் சாப்பாடு. சேலத்தில் பொழுது சாய்கிற நேரத்தில் யாராவது “வாங்க, ஒரு செட்டு சாப்பிடலாம்” என்று கூப்பிட்டால் மறுக்காதீர்கள். அது தட்டுவடை செட்! உள்ளங்கையைவிடச் சின்னதாக, மொறுமொறுவென்று இரண்டு தட்டுவடை. நடுவே துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக அரிந்த வெங்காயம். புதினா, மல்லி போட்ட பச்சைச் சட்னி ஒரு தீற்றல், காரமான சிவப்புச் சட்னி ஒரு தீற்றல். கடைக்காரர் கையைக் கவனிக்க வேண்டும். கீழ்வடைகளை வரிசையாகப் பரப்பி, கரண்டியின் பின்பக்கத்தால் சட்னியை ஒரே இழுப்பில் பூசி, காயைக் கிள்ளி வைத்து, மேல்வடையால் மூடி ஓர் அழுத்து. வெளியூர்க்காரரை இங்கே சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம்: கடித்துத் தின்னப் பார்ப்பார், பாதி சட்டையில் விழும். உள்ளூர்க்காரர் முழுசாக வாய்க்குள் தள்ளிவிட்டு, அது உடைகிற சத்தம் அடங்கும்வரை பேச மாட்டார். “அண்ணா, காரம் கம்மியா ஒரு செட்டு, அப்படியே ஒரு நொறுக்கல்” என்று அடுத்தவர் சொல்வது காதில் விழும். நொறுக்கல் என்பது அதே சரக்கைக் கையால் நொறுக்கிக் கலந்து தருவது. முறுக்கை வைத்தும் செட்டு உண்டு. பானிபூரி வண்டிகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகும் இந்தச் செட்டுக் கடைகளில் கூட்டம் குறையவில்லை என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

பரோட்டாக் கடையிலும் செட்டுதான். எத்தனை பரோட்டா சேர்ந்தால் ஒரு செட்டு என்பது கடைக்குக் கடை மாறும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சீருடை வருஷத்துக்கு நாலு செட்டு. “அவன் நம்ம செட்டுதானுங்க” என்றால் ஒன்றாகப் படித்தவன், ஒரே வயதுக்காரன். கல்யாணத்துக்குப் பேண்டு செட்டு, கோயில் நோம்பிக்கு மைக் செட்டு. இன்னொன்று தெரியுமா? தெருக்கூத்து ஆடும் குழுவை வட மாவட்டங்களில் ‘ஜமா’ என்பார்கள். சேலம் பக்கம் அதற்கும் செட்டு என்றே பெயர் வழங்குகிறது. கட்டை வேஷக்காரர், பெண் வேஷக்காரர், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்தால் ஒரு செட்டு. “எந்தச் செட்டு வருது?” என்று கேட்டுவிட்டுத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

ஆச்சரியத்தின் முதல் முடிச்சு இனிமேல்தான்! ஆங்கிலத்தில் செட் என்பது ஒரே சொல் அல்ல. இரண்டு சொற்கள் வெவ்வேறு ஊரிலிருந்து நடந்து வந்து ஒரே உச்சரிப்பில் குடியேறிவிட்டன. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் செட், பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். அதன் மூலமான ‘செக்டா’வுக்குப் பின்தொடர்வோர் என்று பொருள், சமயப் பிரிவைச் சொல்லும் ‘செக்ட்’ இதன் உடன்பிறப்பு. தட்டுவடை செட்டும் கூத்துச் செட்டும் இந்த வம்சம். ‘வை’, ‘பொருத்து’, ‘கெட்டியாகு’ என்ற பொருள்களில் வரும் செட், பழைய ஆங்கிலத்தின் ‘செட்டன்’ என்ற வினையிலிருந்து வந்தது. அந்த வம்சமும் நம் ஊரில் செழிப்பாகவே இருக்கிறது.

குஞ்சுப் பொரிப்பகத்துக்கு, அதாவது ஹேச்சரிக்கு, வாருங்கள். அங்கே ‘செட்டர்’ என்று ஓர் இயந்திரம். அடைக்கோழியின் வேலையைப் பார்ப்பது அதுதான். அகன்ற முனை மேலே இருக்கும்படி தட்டுகளில் முட்டையை அடுக்கி உள்ளே தள்ளினால், சுமார் 37.5 டிகிரி செல்சியஸில் 18 நாள் வாசம். சும்மா கிடக்க விடுவதில்லை! மணிக்கு ஒரு தரம் தட்டு முழுவதும் 45 டிகிரி ஒரு பக்கம் சாயும், அடுத்த மணியில் மறுபக்கம். கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டால் செத்துவிடும். அதற்காகத்தான் இந்த ஆட்டம். அடைக்கோழி காலாலும் அலகாலும் முட்டையைப் புரட்டிப் புரட்டிப் போடுவதன் காரணமும் இதுவே. 18ஆம் நாள் முட்டைகள் ‘ஹேச்சர்’ என்ற அடுத்த இயந்திரத்துக்கு மாறும். அங்கே ஆட்டம் கிடையாது. மூன்று நாளில் ஓட்டைத் தட்டிக்கொண்டு குஞ்சு வெளியே! நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகப் போகும் சாப்பாட்டு முட்டையை இந்தச் செட்டரில் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. முட்டைப் பண்ணைகளில் சேவலே கிடையாது. அவை கருக்கூடாத முட்டைகள்.

கொத்தனாரிடமும் இதே வம்சத்துச் செட்டு உண்டு. “சீக்கிரம் போடு சாமி, கலவை செட் ஆயிரும்” என்று அவர் விரட்டுவது வெறும் அவசரம் அல்ல. சாதாரண சிமெண்ட் தண்ணீர் பட்ட 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடித்திருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதியே இருக்கிறது. சங்ககிரியில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் செய்யும் ஆலையிலும், அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பது இதற்காகவே. அது இல்லாவிட்டால் கலவை கொத்தனார் கையிலேயே கல்லாகிவிடும். செட் ஆவது என்றால் காய்வது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை! சிமெண்ட் தண்ணீரோடு வினை புரிந்து இறுகுகிறது, தண்ணீருக்கு அடியிலும் இறுகும். “எனக்கும் அவனுக்கும் செட் ஆகலீங்க” என்று சொல்கிறவர்களுக்கு இந்த 600 நிமிடக் கெடு பொருந்தாது.

சினிமா செட்டும் இந்தக் கிளைதான். 1935இல் சேலத்தில், ஏற்காடு சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் எந்த ஊர்க்காரர் தெரியுமா? பெயரின் முதல் எழுத்தே சொல்லிவிடும்: திருச்செங்கோடு! சென்னைக்கு ஓடாமல், சேலத்திலேயே அரண்மனையும் அங்காடியும் செட்டுப் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளினார்கள். மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’, 1938, தயாரிப்பு நம்ம சேலம்! தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1956, அதுவும் சேலம்! 1952இல் ஹாலிவுட் நடிகர் ராட் கேமரன் நடித்த ‘தி ஜங்கிள்’, அதிலும் சேலத்தின் பங்கு உண்டு! இப்போது மிஞ்சியிருப்பது சாலையோர முகப்பு வளைவுதான். கட்டிய செட்டுகளைப் பிரித்துவிடலாம், அது தொழில். மொத்த ஸ்டுடியோவும் போனதில் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவது முடிச்சு. நாமக்கல்லில் “செட்டுக்குப் போயிட்டு வர்றேன்” என்று ஒருவர் கிளம்பினால் அவர் நடிகரும் அல்ல, கூத்துக்காரரும் அல்ல. கோழிப் பண்ணைக்காரர்! இது ‘ஷெட்’. நம் நாக்கில் ஷகரம் சகரமாகி, கோழி செட்டு, லாரி செட்டு, கூட்ஸ் செட்டு என்று இந்தச் செட்டும் அந்தச் செட்டும் ஒரே ஜாடை ஆகிவிட்டன. ஷெட் என்பது நிழலைக் குறிக்கும் ‘ஷேட்’ என்ற சொல்லின் மாறிய வடிவம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். கோழி செட்டைப் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று புரியும். நீளவாக்கில் அது கிழக்கு மேற்காகத்தான் நிற்கும். சூரியன் கூரைக்கு மேலே நீளவாக்கிலேயே போய்விடுவதால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் படும். வடக்கும் தெற்கும் திறந்து கிடந்து காற்று வரும். சித்திரை வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கினால் முட்டை குறையும், ஓடு மெலியும். ஆகவே நிழல்தான் பண்ணையின் முதல் முதலீடு. உள்ளே கூண்டுகளின் தரை முன்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருக்கும். இட்ட முட்டை தானாக உருண்டு வெளியே வந்து கம்பித் தொட்டிலில் நிற்கும். கோழி அதை மிதிக்கவும் முடியாது, கொத்தவும் முடியாது.

பம்புசெட்டு எந்தச் செட்டு? இதில் எனக்குத் தீர்ப்புச் சொல்லப் பிடிக்காது. மோட்டாரும் பம்பும் குழாயும் சேர்ந்த தொகுதி என்றால் லத்தீன் செட்டு. “பம்புசெட்டுல குளிச்சிட்டு வர்றேன்” என்பவர் சொல்வதோ மோட்டார் அறையும் அதன் எதிரே இருக்கும் தொட்டியும். அது ஷெட்டுக்கு நெருங்கிய சொந்தம். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததிலிருந்து, மும்முனைக் கரண்ட் எப்போது வரும் என்று பார்த்துக் குளிக்கப் போவதே ஒரு கால அட்டவணை ஆனது. கிணறு வற்றிய இடத்தில் திருச்செங்கோட்டு ரிக் லாரி வந்து ஆழ்துளை போட்டது, மோட்டார் நிலத்துக்கடியில் இறங்கிவிட்டது. மேலே குழாயும் சுவிட்ச் பெட்டியும் மட்டும் இருந்தாலும் இடத்தின் பெயர் பம்புசெட்டுதான்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘செட்’ தேர்வு இந்தக் கணக்கில் சேராது. அது மூன்று சொற்களின் முதலெழுத்து. கணக்கு வாத்தியாரின் செட்டுக்கோ ‘கணம்’ என்று நல்ல தமிழ்ப் பெயர் இருக்கிறது, ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடமே அதுதான்.

கடைசி முடிச்சுதான் பெரிய முடிச்சு! செட்டு என்ற சொல் ஆங்கிலம் வருவதற்கு முன்பே இங்கே இருந்தது தெரியுமா? தமிழ் அகராதியைப் புரட்டுங்கள்: செட்டு என்றால் வாணிகம், சிக்கனம். “செட்டும் கட்டுமாக் குடும்பம் பண்ணுவா” என்று மருமகளை மெச்சும் மாமியாரும், “செட்டாச் செலவு பண்ணு தம்பி” என்று காசைக் கொடுக்கும் பெரியவரும் சொல்வது இந்தச் செட்டைத்தான். ஆக, இந்தப் பக்கத்தில் ஒரே ஓசைக்குள் நாலு சொற்கள்: லத்தீன் கூட்டம், பழைய ஆங்கில ‘வை’, நிழல் தரும் கொட்டகை, தமிழ்ச் சிக்கனம். சேலம் கடைவீதிப் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் “செட்டா வாங்குனா செட்டா முடியுமுங்க” என்று சொன்னால் அதில் பிழை ஏதும் இல்லை: முதல் செட்டு லத்தீன், இரண்டாவது செட்டு தமிழ்!