சைவ ஓட்டக்காரரும் ஒரு குவளைப் பாலும்

இறைச்சி சாப்பிடாமல் 42 கிலோமீட்டர் ஓட உடலில் தெம்பு இருக்குமா? மாரத்தான் பயிற்சி தொடங்கும் சைவ உணவுக்காரர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது.

அமெரிக்க நெடுந்தூர ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக் 1999ஆம் ஆண்டு முதல் தாவர உணவை மட்டுமே உண்டு வருபவர். ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பலாச்சியன் மலைப்பாதையை 2015இல் 46 நாள்களில் கடந்து அவர் சாதனை படைத்தார்.

ஆனால், ஒருவரின் சாதனை எல்லாருக்கும் சான்றாகாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 27 சைவ விளையாட்டாளர்களையும் 43 அசைவ விளையாட்டாளர்களையும் ஒப்பிட்டு, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய உயிர்வாயுவின் அளவு, சைவப் பெண்களிடம் கூடுதலாக இருந்தது. ஆண்களிடம் வேறுபாடு இல்லை. கால் வலிமையும் இரு தரப்பினருக்கும் ஒன்றுபோலவே இருந்தது. இதை வைத்து, ‘சைவம் சாப்பிட்டால் வேகமாக ஓடலாம்’ என்று நினைத்துவிட வேண்டாம். உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்களே சைவத்தைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். சைவம் தடையாக இல்லை என்பது மட்டுமே இதிலிருந்து தெரிகிறது.

காரணம் எளியது. மணிக்கணக்கில் ஓடும் தசைக்கு முதன்மை எரிபொருள் கிளைக்கோஜன். அது மாவுச்சத்திலிருந்து உருவாகிறது. சோறு, தோசை, வாழைப்பழம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாமே தாவர உணவுதானே! புரதத்துக்குப் பருப்பு, டோஃபு, தெம்பே இருக்கின்றன. இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கும் கிரியேட்டின், குறுகிய நேர வேகப் பாய்ச்சலுக்கே பெரிதும் உதவும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? நம் வீட்டுச் சைவத்தில் பாலும் தயிரும் உண்டு. அவற்றையும் விடுவது நனிசைவம், அதாவது ‘வீகன்’ உணவு. ஒரு குவளைப் பால்தானே என்று தோன்றலாம். ஆனால், சைவ உணவுக்காரருக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் முக்கிய வழி அதுதான். தாவரங்களிலிருந்து அது போதிய அளவு கிடைப்பதில்லை. தெம்பேயையும் ஸ்பைருலினா பாசியையும் இதற்கு நம்பியிருக்க முடியாது.

பி12 குறைபாடு உடனே தெரிவதில்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள்கூடத் தாங்கும். உணவை மாற்றிய பிறகு முதல் மாரத்தானை நீங்கள் நன்றாகவே ஓடிவிடக்கூடும். பின்னர் வரும் களைப்பைப் ‘பயிற்சி கூடிவிட்டது’ என்று எண்ணிக்கொள்வீர்கள். கை கால்களில் ஊசி குத்துவதுபோல் உணர்வு வந்தால், நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். காலம் கடந்தால் அது முழுமையாகக் குணமாகாமலும் போகலாம். எனவே, நனிசைவர்கள் பி12 மாத்திரையையோ பி12 சேர்க்கப்பட்ட உணவையோ தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது இரும்புச்சத்து. தசைகளுக்கு உயிர்வாயுவைக் கொண்டுசெல்லும் சிவப்பணுக்களுக்கு அது தேவை. நெடுந்தூரம் ஓடும்போது பாதங்கள் தரையில் மோதுவதால் சில சிவப்பணுக்கள் சிதைகின்றன. வியர்வையிலும் சிறிதளவு இரும்புச்சத்து வெளியேறுகிறது. கடும் பயிற்சிக்குப் பின் சில மணி நேரம், குடல் அதை உறிஞ்சுவதும் குறைகிறது. தாவரங்களில் உள்ள இரும்புச்சத்தோ இயல்பாகவே குறைவாக உறிஞ்சப்படுவது. மாதவிடாய் வரும் பெண்களுக்கு இழப்பு இன்னும் அதிகம்.

இதைச் சமாளிக்கச் சில எளிய வழிகள் உண்டு. பருப்பு, கடலை சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளுங்கள், கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உறிஞ்ச உதவும். சாப்பாட்டுடன் ‘தே ஓ’ குடிக்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இரும்பு மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். அளவு மீறினால் அதுவும் தீங்குதான். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சென்று, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பி12 அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடும் ஓட்டக்காரர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, ஃபெரிட்டின் சோதனை பயனுள்ளதே.