உப்பளக் கரையில் தரை ஆர்க்கிட்

ஆர்க்கிட் என்றதும் ஏற்காடும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு மூடுபனியில் வாழும் செடி என்றே பழகிவிட்டோம். ஆனால் உலகில் உள்ள சுமார் 28,000 ஆர்க்கிட் இனங்களில் பல ஆயிரம் மண்ணில் வேர்விட்டு வளர்பவை. அவற்றில் சில, உப்பளங்கள் உள்ள மரக்காணம், புதுச்சேரிப் பக்கத்து உலர் பசுமைமாறாக் காடுகளிலும் கடலோரப் புதர்களிலும் தானாக முளைக்கின்றன. அவ்வகைக் காட்டைப் பார்க்க விரும்பினால் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போகலாம்.

யூலோஃபியா எபிடென்ட்ரியா இந்தக் கரைக்குப் பழைய சொந்தம். தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக் இதைப் பற்றி எழுதிய குறிப்பு, அவர் இறந்த பிறகு 1791இல் அச்சேறியது. இச்செடியின் பச்சைக் குமிழ்த்தண்டு பாதி மண்ணுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நீரும் மாவும் அதற்குள்தான். கோடையில் இலை காய்ந்து உதிரும். பார்ப்பவர்கள் செத்துவிட்டது என்பார்கள். உண்மையில் அது தூங்குகிறது. ஹேபனேரியா ராக்ஸ்பர்கி இன்னும் ஒதுங்கி வாழும். மழைக்குக் கிழங்கு முளைத்து, இலைகள் தரையோடு ஒட்டிப் படரும். நடுவே ஒரே தண்டில் வெள்ளைப் பூக்கள். மழைக்காலம் முடிந்ததும் மண்ணுக்கு மேலே அடையாளமே இருக்காது.

அழகாக இருக்கிறதே என்று இவற்றைத் தோண்டி வரக் கூடாது. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. முளைக்குச் சோறு போட உள்ளே எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சைதான் ஊட்டுகிறது. இதைப் பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார் 1899இல் கண்டார். பூஞ்சையே இல்லாமல், சர்க்கரை கலந்த அகார் கூழில் விதையை முளைக்க வைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கர் நட்சன் காட்டினார். இன்று நர்சரிகளில் ஆர்க்கிட் மலிந்ததற்கு அவரும் ஒரு காரணம். ஆனால் காட்டுச் செடியை அந்தப் பூஞ்சை இருக்கும் மண்ணிலிருந்து பிடுங்கினால் பெரும்பாலும் கிழங்கில் சேமித்தது தீரும்வரை பிழைத்திருக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் வளர்க்க ஆசையென்றால் ஸ்பாத்தோகுளாட்டிஸ் பிளிக்காட்டா வாங்குங்கள். தென்னை நாற்று போல மடிப்பு மடிப்பான இலை, ஊதா நிறப் பூ. தென்கிழக்காசியச் செடி, நர்சரிகளில் ‘கிரவுண்ட் ஆர்க்கிட்’ என்றால் பெரும்பாலும் இதைத்தான் கொடுப்பார்கள். காலை வெயிலும் மதிய நிழலும் போதும். ஆற்றுமணல், செங்கல் துண்டு, மக்கிய இலை கலந்து, குமிழ் புதையாமல் நட வேண்டும். புதர் அடர்ந்தால் இரண்டு மூன்று குமிழ்களாகப் பிரித்து வைக்கலாம்.

மரக்காணத்தில் உண்மையான சிக்கல் தண்ணீர். உப்பளப் பாத்தியில் நடப்பதேதான் மண்தொட்டியிலும் நடக்கிறது: நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பூச்சு படிந்து, இலை நுனி கருகினால் பெரும்பாலும் போர் தண்ணீர் உப்பு என்று அர்த்தம். உரம் குறைவோ என்று மேலும் உரம் போடுவதுதான் பலர் செய்யும் தப்பு, உரமும் உப்புதான். மழைநீரைப் பிடித்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடித்துளை வழியாக வழிந்தோடும் அளவுக்கு அதை ஊற்றினால் படிந்த உப்பு கரைந்து போகும். கடற்காற்று அடித்த நாளில் இலையையும் கழுவி விடலாம்.

தொட்டிச் செடி வாங்கும்போது, நர்சரியில் பெருக்கியதா, காட்டிலிருந்து எடுத்ததா என்று கேளுங்கள். காட்டுச் செடி என்றால் வாங்காதீர்கள்.